பழைய பென்ஸ் எஸ்.இ.சி. கூபேயை வைத்து ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என்னுடைய 500 எஸ்.இ.சி.யை வாங்கிய முதல் ஆண்டில் மொத்தமே 900 கிலோமீட்டர்தான் ஓட்டினேன். நகையைப் பெட்டியில் வைப்பதுபோலக் கராஜில் வைத்துப் பூட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை திறந்து, துடைத்து, மறுபடி பூட்டுவேன். இதுவரை எனக்கு அதிகச் செலவு வைத்த ஆண்டு அதுதான். நின்று நின்று ஒரு பிரேக் காலிப்பர் இறுகியது, பெட்ரோல் பம்ப் சோர்ந்துபோனது, டயர்கள் தரையில் பட்ட இடத்தில் தட்டையாயின. இப்போது ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், பில் குறைந்திருக்கிறது. நாற்பது வயதை நெருங்கும் காரைக் கிலோமீட்டர் தின்பதைவிடக் காலண்டர்தான் அதிகம் தின்கிறது. கீழே சொல்லப்போகும் வேலைகளின் வரிசையை அந்தக் கணக்கை வைத்தே அமைத்திருக்கிறேன்.

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் அருகே. இந்தக் கார் பிறந்த சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலை இங்கிருந்து அரை மணி நேரம். ஆகவே சட்டம், பெட்ரோல், பனிக்காலம் பற்றிய செய்திகள் எல்லாம் இந்த நாட்டுக்கானவை. இயந்திரம் பற்றியவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

எது எந்தக் கார்?

மெர்சிடிஸ் பென்ஸின் 126 வரிசை கூபே (இரண்டு கதவுக் கார்) 1981-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ. பக்கவாட்டில் முன் ஜன்னல் கண்ணாடிக்கும் பின் ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவே தூண் கிடையாது. பக்கத்துக்கு இரண்டாக நான்கையும் இறக்கிவிட்டால் திண்ணையில் உட்கார்ந்த மாதிரிக் காற்று வரும். 1991 வரை 74,060 கார்கள் செய்தார்கள். அவற்றில் 500 எஸ்.இ.சி. 30,184, 560 எஸ்.இ.சி. 28,929, 380 எஸ்.இ.சி. 11,267, 420 எஸ்.இ.சி. 3,680. பெயரில் உள்ள எண் எஞ்சினின் அளவைக் குறிக்கும். எல்லாமே எட்டு சிலிண்டர்.

பலரும் 560-ஐத் தேடுகிறார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கிறது. என்னைக் கேட்டால் 1985 இறுதிக்குப் பிறகு வந்த 500 அல்லது 420 போதும். வித்தியாசப் பணத்தைப் பராமரிப்பில் போடலாம். அமெரிக்காவிலிருந்து வந்த தொடக்க கால 380-ஐ மட்டும் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயின் அந்த எஞ்சினில் ஒற்றை வரிசை. நீண்டு அறுந்த வரலாறு அதற்கு உண்டு. பின்னாளில் இரட்டை வரிசைக்கு மாற்றினார்கள். பார்க்கப்போகும் காரில் அந்த மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதற்குப் பில் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன்

சேசிஸ் எண்ணிலிருந்து தொடங்குங்கள். 126-க்கு அடுத்து வரும் மூன்று இலக்கம் 043 என்றால் 380, 044 என்றால் 500, 045 என்றால் 560, 046 என்றால் 420. விளம்பரத்தில் 560 என்று போட்டு, எண்ணில் 044 இருந்தால் டிக்கியின் எழுத்தை யாரோ மாற்றி ஒட்டியிருக்கிறார் என்று பொருள். அதற்குமேல் அந்த ஆளிடம் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது துரு. எஞ்சினைப் பணத்தால் சரிசெய்துவிடலாம். துருவுக்குப் பணமும் போதாது, பொறுமையும் போதாது. பின் கண்ணாடியின் கீழ் மூலைகளில் பெயின்ட் குமிழ்விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே ஓட்டை விழுந்தால் மழைத்தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும். நான் பார்க்கப்போன ஒரு காரில் வெளியே ஒரு கீறல்கூட இல்லை, கண்ணாடிபோல மின்னியது. டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயருக்கு அடியில் விரலை விட்டேன். வெளியே எடுத்தபோது காப்பிப்பொடி நிறத்தில் சேறு ஒட்டியிருந்தது. விற்பவர் வானத்தைப் பார்த்தார்.

1985-க்குப் பிறகு வந்த கார்களின் பக்கவாட்டில் வழவழப்பான அகலப் பிளாஸ்டிக் பலகைகள் இருக்கும். இங்கே அவற்றைச் 'சாக்கோ பலகை' என்று செல்லமாகச் சொல்வார்கள். அழகுதான், ஆனால் அவற்றுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது. ஜாக் வைக்கும் துளைகளின் வட்ட மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவுகளின் விளிம்பு, சன்ரூஃபின் ஓரம் ஆகியவற்றையும் விடாதீர்கள். சன்ரூஃபின் வடிகால் குழாய் அடைத்திருக்கிறதா என்று அறிய ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும். அது சக்கரத்துக்குப் பின்னால் தரையில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் உங்கள் கால்மிதியைத் தொட்டுப் பாருங்கள்.

வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். முதல் ஆண்டிலேயே அதற்கு வேலை வந்துவிடும்.

முதல் மாதம்: திரவங்கள் அத்தனையும்

முந்தைய உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் சொன்ன தேதிகளை நம்பி ஓட்டாதீர்கள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அந்த நாளையே காரின் புதுப் பிறந்தநாளாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஆயில் 8 லிட்டர் பிடிக்கும். நான் 15டபிள்யூ-40 போடுகிறேன். வெப்ப நாட்டில் இருப்பவர்கள் 20டபிள்யூ-50 போடலாம். தண்ணீர்போல ஓடும் இக்கால ஆயில் இந்த எஞ்சினுக்கு வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள், 2,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும்கூட. பிரேக் ஆயிலுக்கு இரண்டு ஆண்டு, கூலண்டுக்கு மூன்று ஆண்டு. கூலண்டை ஊற்றும்போது நிறம் பார்த்துக் கலக்கும் பழக்கம் வேண்டாம். பழைய பென்ஸ் அலுமினிய எஞ்சினுக்கான சிலிக்கேட் வகையைக் கேட்டு வாங்கி, முழுதாக வடித்துவிட்டு ஊற்றுங்கள்.

பிரேக் ஹோஸ்களைத் தயங்காமல் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் உள்ளே ஊதிப்போயிருக்கும். பெடலை அழுத்தும்போது எண்ணெய் போகும், விட்டபின் திரும்பி வராது. பிரேக் பிடித்த சக்கரம் அப்படியே கொதிக்கும். ஒரு ஓட்டத்துக்குப் பிறகு நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் விஷயம் அதுதான்.

டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயதான டயரை நான் நம்புவதில்லை. காற்றழுத்தம் பெட்ரோல் மூடிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். சக்கரப் போல்ட்டுகளுக்கு 110 நியூட்டன் மீட்டர், கையால் டார்க் ரெஞ்ச் பிடித்துத்தான். பதினைந்து துளை கொண்ட அந்த அலாய் சக்கரத்துக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர் 'சாக்கடை மூடி'. இத்தனை விலை உயர்ந்த காருக்கு இப்படியொரு பெயரா என்று முதலில் கோபம் வந்தது. உற்றுப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

செயின் கைடு: இந்த எஞ்சினின் பலவீனமான இடம்

மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். டைமிங் செயின் ஓடும் பாதையில் அதை ஆடாமல் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளுக்குத்தான் கைடு என்று பெயர். இரட்டை வரிசைச் செயின் உறுதியானது, சீக்கிரம் அறுவதில்லை. இந்தப் பிளாஸ்டிக்தான் சூட்டிலும் ஆயிலிலும் வெந்து வெந்து நொறுங்குகிறது. நொறுங்கிய துண்டு செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் செயின் பல் தாண்டும். வால்வு பிஸ்டனில் மோதும். அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அடுத்த நொடியில் பழைய இரும்பு. 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டிய எந்தக் காரிலும், மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

பார்ப்பது கடினமில்லை. எஞ்சின் ஆறியபின் இரண்டு வால்வு கவர்களையும் கழற்றுங்கள். முன்பக்கம் செயின் மேலேறி இறங்கும் இடத்தில் கைடுகள் தெரியும். இடது பக்கத்தில்தான் அதிகம் உடைகின்றன. என் காரில் திறந்தபோது, புதிதில் வெளிறியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டினேன். கடலை மிட்டாய் உடைவதுபோல நுனி ஒன்று பெயர்ந்து கையில் விழுந்தது. விற்றவர் அந்த வாரம்தான் 'எஞ்சின் கடிகாரம் மாதிரி' என்று சொல்லியிருந்தார். ஓசையில் குறையில்லை, உண்மைதான். உடையும் வரை இதில் ஓசை வராது.

மாற்றும்போது கைடுகளை மட்டும் மாற்றி மூடாதீர்கள். செயின், அதை இறுக்கும் டென்ஷனர், வலப்பக்க நீண்ட தாங்கு தண்டவாளம், வால்வு கவர் ரப்பர் எல்லாம் ஒரே முறையில். பழைய செயினின் ஒரு கண்ணியை அறுத்து, அதன் முனையில் புதியதைக் கோத்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால் பழையது வெளியே வர வர புதியது உள்ளே போகும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுழற்ற, ஒருவர் செயினை இழுத்துப் பிடிக்க. எஞ்சின் ஓடும் திசையில் மட்டுமே சுழற்ற வேண்டும். ஒரு பல் அளவு பின்னால் போனாலும் செயின் தளர்ந்து தாண்டிவிடும்.

கவர் திறந்திருக்கும்போதே, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கு மேலே ஓடும் மெல்லிய ஆயில் குழாயையும் பாருங்கள். அதன் இணைப்புகள் பிளாஸ்டிக். அவை விரிந்துவிட்டால் ஆயில் வேறெங்கோ பீய்ச்சும், கேம் மேடு வறண்டு தேயும். புது இணைப்புகளின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் இருக்காது. கேம் ஷாஃப்டின் விலையை நான் சொல்லவேண்டியதில்லை.

பெட்ரோலும் மின்சாரமும்

1985-க்குப் பிறகு வந்த எல்லா எஸ்.இ.சி.யிலும் எஞ்சினுக்குப் பெட்ரோல் பீய்ச்சுவது பாஷ் நிறுவனத்தின் கே.இ.-ஜெட்ரானிக் அமைப்பு. பாதி இயந்திரம், பாதி மின்னணு. இக்காலக் கணினியைச் செருகிக் கோளாறு வாசிக்கும் பழக்கத்தில் வளர்ந்த மெக்கானிக் இதன் முன்னே விழிப்பார். ஐட்லிங் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால் அவர் பெட்ரோல் பங்கீட்டுக் கருவியை மாற்றச் சொல்வார். அது மிக விலை உயர்ந்த பாகம். பல நேரங்களில் குற்றவாளி வேறு.

முதலில் காற்று ஒழுகலைத் தேடுங்கள். எஞ்சின் ஓடும்போது ரப்பர் குழாய்கள், இன்ஜெக்டர் வளையங்கள் ஆகியவற்றின் அருகே கவனமாகக் காது கொடுத்தால் சீறல் கேட்கும். அடுத்தது மின்னழுத்தக் காப்பு ரிலே. தலையில் சிறு ஃபியூஸ் ஒன்று செருகிய உலோகப் பெட்டி அது. உள்ளே சாலிடர் விரிசல் விட்டால் ஐட்லிங் தடுமாறும், கூடவே ஏ.பி.எஸ். விளக்கும் எரியும். இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் வேறெதையும் தொடுமுன் இதை மாற்றிப் பாருங்கள்.

இன்னும் மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. இந்தக் காரின் ஃபியூஸ்கள் தோட்டா வடிவத்தில் இருக்கும், நடுவே ஓடுவது அலுமினியத் தகடு. அது பூத்துப்போய்த் தொடர்பு விட்டுவிடும். ஒரு மழை இரவில் என் வைப்பர் நின்றது. மோட்டார் போயிற்று என்று சொன்ன பட்டறை அதற்கு ஒரு விலையும் சொன்னது. வீட்டுக்கு வந்து ஃபியூஸைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினேன், வைப்பர் ஓடத் தொடங்கியது. மறுநாள் எல்லாவற்றையும் செம்புத் தகடு கொண்டவையாக மாற்றினேன். அப்போதிலிருந்து அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

பெட்ரோலைப் பொறுத்தவரை கையேடு சொல்லும் ஆக்டேனைப் போடுங்கள். நான் 98 ஆக்டேன் சூப்பர் பிளஸ் போடுகிறேன். எத்தனால் அதிகம் கலந்த இ10 பக்கம் போவதில்லை. பழைய ரப்பர் குழாயை அது சோதிக்கும், நீண்ட நாள் நிற்கும் டாங்கில் ஈரத்தையும் இழுக்கும். டாங்க் 90 லிட்டர். ஊருக்குள் 100 கிலோமீட்டருக்கு 16, 17 லிட்டர் குடிக்கும். இதைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன்

நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எருமை மாதிரி உழைக்கும். 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் போதும். வடிக்கும்போது, எஞ்சினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் அடியில் உள்ள திருகையும் திறந்து வடியுங்கள். அதை மறந்தால் பாதிப் பழைய ஆயில் உள்ளேயே தங்கிவிடும். கிளம்பும்போது பெரும்பாலும் இரண்டாவது கியரில்தான் எடுக்கும். அது கோளாறு அல்ல.

சில கார்களில், 560-இல் வழக்கமாகவே, பாரம் ஏறினாலும் பின்பக்கத்தை மட்டமாக வைக்கும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உண்டு. அதில் நைட்ரஜன் அடைத்த உருண்டைகள்தான் ஸ்பிரிங்குக்குத் துணை. அவற்றின் உள்சவ்வு கிழிந்தால் கார் கட்டை வண்டிபோலக் குலுங்கும். உடனே ஷாக் அப்சார்பரைச் சந்தேகிப்பார்கள். எஞ்சினை ஓடவிட்டு டிக்கி மேல் கையை ஊன்றி அழுத்துங்கள். அசையவே மறுத்தால் உருண்டைகள் போய்விட்டன. இதற்கென்றே உள்ள தாது ஹைட்ராலிக் எண்ணெயை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு பட்டறையில் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் சீல்கள் ஊதி ஒழுகத் தொடங்கின. அப்போதிலிருந்து தொட்டியின் மூடியில் எண்ணெயின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஓட்டும் முறை

ஸ்டார்ட் செய்ததும் நின்ற இடத்தில் சூடாக்க வேண்டாம். அரை நிமிடம் விட்டு, மெல்ல நகருங்கள். தண்ணீர் முள் 80-ஐத் தொடும்போது ஆயில் இன்னும் சூடாகியிருக்காது. அதன்பின் பத்து கிலோமீட்டர் பொறுத்துவிட்டுத்தான் பெடலை முழுதாக மிதிப்பேன்.

புது உரிமையாளர்களை அதிகம் பயமுறுத்துவது ஆயில் அழுத்த முள். ஓடும்போது 3-இல் ஒட்டிக்கொண்டு நிற்கும். சூடான எஞ்சினோடு சிக்னலில் நின்றால் 1-க்குக் கீழேகூட இறங்கும். பதற வேண்டாம். பெடலைத் தொட்டதும் மறுபடி 3-க்கு ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏறத் தயங்கினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

காரை வெளியே எடுக்கும் பருவத்தில் மாதம் ஒரு முறையாவது 50 கிலோமீட்டர் ஓட்டுங்கள், அதில் ஒரு பகுதி நெடுஞ்சாலையில். காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக்கையும் அவ்வப்போது பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அதன் கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். ஏ.சி.யைக் குளிர்ந்த நாட்களில் ஓட்டும்போதும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

கண்ணாடி, கதவு, உள்ளறை

தூண் இல்லாத காரில் ரப்பர்தான் தூண். இரண்டு கண்ணாடிகளும் சந்திக்கும் இடத்தில் ரப்பர் காய்ந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் விசில் கேட்கும். இங்கே பழைய ஆட்கள் மான்கொழுப்புக் குச்சியைத் தேய்ப்பார்கள். கிளிசரினும் நல்லதே. கண்ணாடியின் நிலையைச் சரிசெய்யும் திருகுகளை மட்டும் வித்தை தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள். ஒன்றைத் திருப்பினால் மற்ற மூன்றும் கோணும்.

கதவை மூடியதும் சீட் பெல்ட்டை உங்கள் தோளருகே நீட்டிக் கொடுக்கும் சின்னக் கை ஒன்று இந்தக் காரில் இருக்கிறது. புதிதாக ஏறுகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெல்ட் அழுக்கேறித் தடித்தால் அந்தக் கை திணறி உடையும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பெல்ட்டைத் துடைத்து, முழுதாகக் காயவிட்டுச் சுருட்டுங்கள். சென்ட்ரல் லாக் காற்றழுத்தத்தில் இயங்குவது. பூட்டிய பிறகும் பம்ப் முனகிக்கொண்டே இருந்தால் எங்கோ சவ்வு கிழிந்திருக்கிறது. அப்படியே விட்டால் பம்ப்பும் எரியும்.

பாகங்கள் வாங்கும்போது எனக்கு ஒரே விதி: உலோகத்தைப் பழையதாக வாங்கலாம், ரப்பரை வாங்கக் கூடாது. உடைப்புக் கடையில் கிடைக்கும் கதவு கைப்பிடியும் அலங்காரப் பட்டையும் புதியதைவிட நன்றாகவே இருக்கும். ஸ்டுட்கார்ட் அருகே ஃபெல்பாக்கில் உள்ள மெர்சிடிஸ் நிறுவனத்தின் கிளாசிக் மையம் இந்தக் காலக் கார்களைக் கவனிக்கவே இருக்கிறது. விலைப்பட்டியலைப் பார்க்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

காகிதங்கள்

ஜெர்மனியில் முப்பது வயதைத் தாண்டிய, மாற்றம் செய்யப்படாத, நல்ல நிலையில் உள்ள காருக்குப் பழமையான கார்களுக்கான ஹெச் எண் பலகை கிடைக்கும். இந்த 126 வரிசையின் கடைசிக் கூபே 1991-இல் வந்ததால் வயது ஒரு தடையே இல்லை. நிபுணர் அறிக்கை ஒன்று வேண்டும். ஆண்டு வரி 191.73 யூரோ, எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள்ளும் போகலாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் தொழில்நுட்பச் சோதனையிலிருந்து விலக்கு கிடையாது. 2017 முதல் இந்தப் பலகையைப் பருவகாலப் பதிவோடு (ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டுமான பதிவு) சேர்த்தும் வாங்கலாம். உப்பு தூவும் மாதங்களில் காரை வெளியே எடுக்கப்போவதில்லை என்றால் அது லாபம். காப்பீட்டுக்கு மதிப்பீட்டு அறிக்கையைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். ஐந்து ஆண்டுக்கு முந்தைய மதிப்பில் இழப்பீடு வாங்கி இன்றைய சந்தையில் இன்னொரு கார் வாங்க முடியாது.

பனிக்காலத் தூக்கம்

அக்டோபர் கடைசியில் அடிப்பக்கத்தைக் கழுவி, நன்றாக உலர ஓட்டிவிட்டு உள்ளே விடுகிறேன். ஆயிலை இப்போதே மாற்றிவிட வேண்டும். பயன்படுத்திய ஆயிலில் உள்ள அமிலம் ஐந்து மாதம் பேரிங்கில் ஊறக் கூடாது. பெட்ரோலை விளிம்பு வரை நிரப்புங்கள், டயரில் அரை பார் அளவு கூடுதலாக ஏற்றுங்கள், பேட்டரியைப் பராமரிப்புச் சார்ஜரில் மாட்டுங்கள். பார்க்கிங் பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பக்கச் சட்டத்தின் உள்துவாரங்களுக்குள் மெழுகு பீய்ச்சுவதையும் இந்தச் சமயத்தில் செய்துகொள்ளலாம்.

இடையில் போய் வாரம் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பவர்கள் உண்டு. சைலன்சருக்குள் தண்ணீர் கோப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. தூங்குகிறதா, தூங்கட்டும்.

முன்சக்கரங்களுக்கு நடுவே ஒரு பெரிய அட்டைப் பெட்டியை வெட்டி விரித்துவைக்கிறேன். ஏப்ரலில் பானட்டைத் திறக்கும் முன் அந்த அட்டையைத்தான் வெளியே இழுத்துப் பார்ப்பேன். பழுப்பு வட்டம் எஞ்சின் ஆயில், சிவப்பு என்றால் கியர்பாக்ஸ் அல்லது ஸ்டீயரிங், விரலில் வழுக்கி இனிப்பு வாசம் வந்தால் கூலண்ட். போன ஏப்ரலில் இரண்டு ரூபாய் நாணய அளவில் ஒரே ஒரு பழுப்பு வட்டம் இருந்தது. அட்டையில் தேதி எழுதிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.